ஏத்தங்காய்க் கஞ்சிப் பக்குவம்

பொன்மலை,
24-6-58

வடிவக்காவுக்கு முருகம்மாள் வணக்கத்தோடு எழுதுவது. நானும் அவர்களும் இங்கே சுகம். நீங்களும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தை எப்படி இருக்கிறாள்? முதலில் அதைத் தெரிவிக்கவும்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முறைப்படி நானே சொல்லிக்கொள்ள வேண்டும் அல்லவா? உங்கள் தங்கை செண்பகக்கா இருந்த இடத்துக்கு, வைகாசி மாதம் கடையத்திலிருந்து வந்தவள். கல்யாணத்துக்கு அத்தான் மட்டும் வந்திருந்தார்கள். குழந்தைக்கு மாந்தம், அதனால் நீங்கள் வரமுடியவில்லை என்று சொன்னார்கள். என் தாலியில் செண்பகக்கா பெயரால் மூத்தாள் பொட்டு கோத்திருக்கிறது. அந்த உரிமையில்தான் உங்களை அக்கா என்று எழுதுகிறேன்.

செண்பகக்கா பிள்ளை பெற்ற பத்தாம் நாள் போய்விட்டதையும், அன்றிலிருந்து குழல்வாய்மொழியை நீங்கள்தான் வளர்ப்பதையும் அவர்கள் சொன்னார்கள். ஆவணியில் ரயில்வே ஒர்க் ஷாப்பில் லீவு கிடைக்குமாம். அப்போது வந்து அழைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்குள் நான் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அவள் என்ன சாப்பிடுகிறாள்? எத்தனை வேளை? எப்படிச் செய்கிறீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள். கடையில் டப்பா மாவு இருக்கிறதே என்று அவர்கள் சொல்கிறார்கள். வீட்டையும் ஆளையும் மாற்றிவிட்டு, சாப்பாட்டையும் அதே நாளில் மாற்றினால் குழந்தைக்கு எப்படி இருக்கும்?

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
முருகம்மாள்

*

தென்காசி,
5-7-58

சௌபாக்கியவதி முருகம்மாளுக்கு வடிவம்மாள் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாங்கள் இருக்கிறோம். சாரல் பிடித்துவிட்டதால் அத்தான் குற்றாலத்துப் பழக்கடையே கதி என்று கிடக்கிறார். வீட்டுக்கு வந்தால் மனுஷன் மேல் பலாப்பழ வாசனை. குழந்தை நன்றாக இருக்கிறாள். இப்போது தவழ்ந்துபோய் அரிசி புடைக்கிற சுளகை இழுக்கிறாள்.

கேட்டதை எழுதுகிறேன். அவளுக்கு ஏத்தங்காய்க் கஞ்சி. பொன்மலையில் ஏத்தங்காய் (அங்கே நேந்திர வாழைக்காய் என்பார்கள்) கிடைக்காது, கிடைத்தாலும் நோஞ்சானாக இருக்கும். செங்கோட்டைச் சந்தையிலிருந்து அத்தான் பார்த்து எடுத்துவருவார். முற்றின காயாக இருக்கவேண்டும், பழுக்க ஆரம்பித்திருக்கக் கூடாது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோலைச் சீவு, இல்லாவிட்டால் கறை ஒரு வாரத்துக்குப் போகாது. மெல்லிசாக வட்டம் வட்டமாக நறுக்கிக் காயப்போடு. சாரல் நாளில் இங்கே வெயிலை நம்பினால் பூசணம்தான் மிச்சம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, சுளகில் பரத்தித் தொங்கவிட்டிருக்கிறேன். "ஏட்டி, அடுக்களையில ஊஞ்சல் கட்டி வச்சிருக்கியே, நானும் ஏறி உக்காந்துக்கிடட்டா?" என்கிறார் உன் அத்தான். படக்கென்று ஒடிகிற பதம் வந்ததும் உரலில் இடித்து, மல் துணியில் சலித்துக்கொள்.

கஞ்சிக்கு இரண்டு கரண்டி மாவு. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரை. கருப்பட்டியைத் தனியே கரைத்து மண் போக வடிகட்டி ஊற்று. அடுப்பைத் தணித்து வைத்துக் கையெடுக்காமல் கிண்டு. வெள்ளையாக இருப்பது நிறம் மாறி மினுமினுக்கும், சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும். ஒரு சொட்டு நெய் விட்டு இறக்கு. காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. அவ்வளவுதான் பக்குவம். இதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று, முருகம்மாள். கஞ்சியை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். அவள் வாயைத் திறக்கவேண்டுமே! என் குரல் கேட்டால்தான் திறப்பாள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குற்றம் சொல்லாதே.

பழகிப் பார்க்க ஒரு படி மாவு பார்சலில் வருகிறது. தம்பி வல்லிநாயகத்துக்கும் என் ஆசி.

வடிவம்மாள்

*

பொன்மலை,
21-7-58

அன்புள்ள அக்காவுக்கு, முருகம்மாள் எழுதிக்கொள்வது. பார்சல் பத்திரமாக வந்தது. நாங்கள் சுகம். குழந்தை சுளகை இழுக்கிறாள் என்று எழுதியதை அவர்கள் மூன்று தடவை படித்தார்கள்.

குழந்தையை வைத்துக்கொண்டு பழக முடியாது அல்லவா, அதனால் நானே சாப்பிட்டுப் பழகினேன். முதல் நாள் கஞ்சி கட்டிகட்டியாக வந்தது. "இத வச்சுச் சுவத்துல ஓட்டையடைக்கலாம்" என்றார்கள் அவர்கள். இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. மூன்றாம் நாள் நீங்கள் சொன்னபடி நிறம் மாறிச் சுருண்டு வந்தது. ருசியாகத்தான் இருந்தது. குழந்தையைப் போலவே காலையும் மாலையும் அதையே சாப்பிட்டேன், வேறு பலகாரம் எதுவும் தொடவில்லை.

ஐந்தாம் நாள் எனக்கு வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டது. நிமிர முடியவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் லைனில் ஆசியா என்று ஒரு அக்கா இருக்கிறார்கள், கடையநல்லூர்க்காரர்கள், நாலு பிள்ளை வளர்த்தவர்கள். அவர்களிடம் சொன்னேன். "ஏத்தங்கா வயித்தக் கட்டும்லா! கஞ்சி குடுத்தா, பொறத்தாலேயே உலர்ந்த திராட்சைய ஊறவச்சுப் பிழிஞ்ச தண்ணி ஒரு மடக்குக் குடுக்கணும்ட்டி. அது இல்லாம பிள்ளைக்குக் குடுத்தியன்னா துடிச்சுப்போகும்" என்றார்கள். குடித்தேன், மறுநாளே சரியாகிவிட்டது.

வேலை மும்முரத்தில் நீங்கள் அதை எழுத மறந்திருப்பீர்கள். கெடுதல் ஒன்றும் இல்லை, என் வயிற்றோடு போயிற்று. இதுபோல வேறு ஏதாவது விட்டுப்போயிருந்தால் எழுதுங்கள். உங்கள் பதில் பார்த்துத்தான் ஆவணிக்கு டிக்கெட் வாங்கவேண்டும் என்று இருக்கிறார்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைக்கு என் முத்தம், அவள் வாங்கிக்கொள்வாளானால்.

முருகம்மாள்

*

தென்காசி,
30-8-58

முருகம்மாளுக்கு வடிவம்மாள் எழுதுவது. இங்கே சுகம், அங்கே சுகமாக இருக்கவேண்டும்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. சீசனுக்கு வந்த விருந்தாள் கூட்டம் ஒரு பக்கம். அம்மிக்குழவி விழுந்து விரல் நசுங்கியது ஒரு பக்கம். பேனாவைப் பிடிக்க முடியவில்லை. ஆவணியும் பாதி கழிந்துவிட்டது.

திராட்சைத் தண்ணீர் சங்கதி எனக்கு மறந்துதான் போயிற்று. வயதாகிறது அல்லவா.

குழந்தைக்குப் பல் முளைக்கிறது. சற்றே மேல் சூடு. இந்த நேரத்தில் ரயிலில் தூக்கிப்போவது நல்லதில்லை. அடுத்தது புரட்டாசி, இடம் மாற்ற உகந்த மாதமில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேப்பைப் பால் பழகிக்கொள், ஆத்திர அவசரத்துக்கு உதவும். கேப்பையை ஊறவைத்து அரைத்து, துணியில் மூன்று தடவை பிழிந்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடி வண்டலை மட்டும் காய்ச்சு. இதில் விட்டுப்போனது எதுவும் இல்லை.

வடிவம்மாள்

*

பொன்மலை,
8-9-58

மதினி அவர்களுக்கு வல்லிநாயகம் வணக்கம். விரல் ஆறிவிட்டதா?

எனக்கு நீளமாக எழுத வராது. ஐப்பசியில் குழந்தைக்குப் பிறந்தநாள் வருகிறது. அதை அங்கே உங்கள் கையால் கொண்டாடிவிட்டு, மறுநாள் மெயிலில் அழைத்து வரலாம் என்று லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன்.

முருகம்மாள் விடியற்காலையில் ஒர்க் ஷாப் சங்கு ஊதுமுன் எழுந்து கேப்பை அரைக்கிறாள். பிள்ளை இல்லாத வீட்டில் தினம் பிள்ளைச் சாப்பாடு. நானும் அதையே குடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்கிறார்கள். மதினி, சீக்கிரம் பிள்ளையைக் கொடுத்து என்னைக் காப்பாற்ற வேண்டும்.

சகலரிடம் கேட்டதாகச் சொல்லவும்.

வல்லிநாயகம்

*

தென்காசி,
20-9-58

முருகம்மாளுக்கு வடிவம்மாள் எழுதுவது. தம்பி கடிதம் எழுதியிருந்தார். ஆண்பிள்ளையிடம் இதைச் சொல்ல முடியாது, அதனால் உனக்கு எழுதுகிறேன். படித்தபின் அவரிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

போன வெள்ளிக்கிழமை ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். எதிர்வீட்டுப் பேராச்சியைக் கூப்பிட்டு, என் கையால் காய்ச்சிய கஞ்சியை அவளை ஊட்டச் சொன்னேன். நான் பின்கட்டில் இருந்துகொண்டேன். பிள்ளை அவள் முகத்திலேயே துப்பிவிட்டது. "எக்கா, இவ நீ இல்லாம பச்சத்தண்ணி கூடக் குடிக்கமாட்டா போலுக்கே" என்கிறாள். தினம் பார்க்கிற பேராச்சிக்கே அந்த மரியாதை. உனக்கு என்ன கிடைக்கும் என்று யோசி.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பிள்ளை வரம் கேட்டு இங்குள்ள திருமலைக் கோயில் படியில் எத்தனை முறை ஏறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. செண்பகம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என் கையில் கொடுத்த பிள்ளை இது. நீ சின்னப்பெண், நாளைக்கே உனக்கென்று ஒன்று பிறக்கும். இவளை எங்களிடம் விட்டுவிடு. உனக்கு இவள் ஒரு கடமை, எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை. இதைக் கெஞ்சல் என்று எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

வடிவம்மாள்

*

பொன்மலை,
6-10-58

அக்காவுக்கு, முருகம்மாள் எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்து இரண்டு வாரம் யோசித்தேன். அவர்களிடம் காட்டவில்லை.

ஒரு நாள் விட்டுவிடலாம் என்று தோன்றும், மறுநாள் கூடாது என்று தோன்றும். ஏன் கூடாது என்று சொல்கிறேன். எனக்கு மூன்று வயதில் அம்மா இறந்துபோனாள். அப்பா என்னைக் கடையத்திலேயே மூன்று வீட்டில் மாற்றி மாற்றி வைத்தார். சித்தப்பா வீடு, அத்தை வீடு, மாமா வீடு. யாரும் என்னைப் பட்டினி போடவில்லை. பொய் சொல்லக்கூடாது, எல்லாரும் நன்றாகத்தான் சோறு போட்டார்கள். ஆனால் அப்பா ஏன் தன் வீட்டில் என்னை வைத்துக்கொள்ளவில்லை என்ற கேள்வி ஒவ்வொரு பிடி சோற்றோடும் உள்ளே போயிற்று. இன்னும் செரிக்கவில்லை.

இவளுக்கு அப்பா இருக்கிறார். ஆசையாகக் கேட்கிறார். பத்து வயதில் அவள், "என்னை ஏன் விட்டுட்டுப் போனிய?" என்று கேட்டால் நான்தான் காரணம் என்று ஆகிவிடும். இரண்டாந்தாரமாகக் கேட்டு வந்தபோது, பிள்ளை நம்மோடு இருக்கும் என்றால் சம்மதம் என்று சொல்லித்தான் வந்தேன். கடமை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும், இப்போதைக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம். உங்களிடமிருந்து பறிக்கிறேன் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் கொடுத்துவிடுங்கள்.

முருகம்மாள்

*

தென்காசி,
14-10-58

முருகம்மாளுக்கு. வந்து அழைத்துக்கொண்டு போங்கள். இருவருமே வரவேண்டும். மாவு ஒரு படி இடித்து வைக்கிறேன், திராட்சையும் வாங்கி வைக்கிறேன்.

வடிவம்மாள்

*

பொன்மலை,
1-11-58

அக்காவுக்கு, முருகம்மாள் அவசரமாக எழுதுவது.

ரயில் கிளம்பியபோது நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அத்தான் மட்டும் ஜன்னலோரம் நின்றார்கள். மதுரை வரை அழுதாள். பிறகு தூங்கிவிட்டாள்.

இங்கே வந்து ஐந்து நாள் ஆகிறது. பால் மட்டும் டம்ளரில் கொஞ்சம் குடிக்கிறாள், அதுவும் தூக்கக் கலக்கத்தில்தான். கஞ்சிக்கு வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். உங்கள் மாவு, உங்கள் கருப்பட்டி, நீங்கள் கொடுத்துவிட்ட அதே வெண்கலக் கிண்ணம். சுருண்டு வருகிற பதத்தில் நெய் விட்டுத்தான் இறக்குகிறேன். மடியில் வைத்து, "சித்தியப் பாரு, சித்தியப் பாரு" என்று எவ்வளவோ கொஞ்சிப் பார்த்துவிட்டேன். உதட்டை இறுக்கிக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். அழுதாலாவது பரவாயில்லை. கேப்பைப் பாலும் துப்பிவிட்டாள். அவர்கள் கடைசியில் டப்பா மாவும் வாங்கிவந்தார்கள், அதுவும் ஆகவில்லை. கை மெலிந்து, அரைஞாண் இரண்டு விரல் அளவு தொங்குகிறது.

டாக்டர் நோய் ஒன்றும் இல்லை என்கிறார். வருகிற 9-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பது, இல்லையென்றால் திரும்பக் கொண்டுவந்து உங்களிடமே விட்டுவிடுவது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படியே செய்யலாம், பிள்ளை பிழைத்தால் போதும் என்று நானும் சொல்லிவிட்டேன்.

ஆனால் அக்கா, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். திராட்சைத் தண்ணீர் மாதிரி எழுதாமல் விட்டது வேறு ஏதாவது இருக்கிறதா?

முருகம்மாள்

*

தென்காசி,
3-11-58

முருகம்மாளுக்கு. சுகம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் மத்தியானம்தான் வந்தது. இன்றைய மெயிலிலேயே இதைச் சேர்க்கவேண்டும் என்று அத்தான் சைக்கிளோடு வாசலில் நிற்கிறார்.

இருக்கிறது. நான் எழுதாமல் விட்டது இன்னொன்று இருக்கிறது.

முதலில் திராட்சைத் தண்ணீர். அது மறதி இல்லை. தெரிந்தேதான் விட்டேன். பிள்ளைக்கு வயிறு கட்டும், அலறும், நீ பயந்துபோய்த் திருப்பி அனுப்பிவிடுவாய் என்று நினைத்தேன். வலி பிள்ளைக்கு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நீ முந்திக்கொண்டு அதை உன் வயிற்றில் வாங்கிக்கொண்டாய். அம்மிக்குழவியும் விழவில்லை, விரலும் நசுங்கவில்லை. நாற்பது நாள் நான் பேனா எடுக்காததற்குக் காரணம் வெட்கம்.

இப்போது இரண்டாவது. ஊரார் முன்னால் அவளுக்கு நான் பெரியம்மாதான். அத்தான் எதிரிலும் பெரியம்மாதான். கஞ்சி கொடுக்கும்போது மட்டும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வேன். "அம்மாவுக்கு ஒரு வாய்" என்று சொல்லி, விரலில் தொட்டு என் நாக்கில் வைத்துக்கொள்வேன். பிறகு அவள் பெயரைச் சுருக்கி, "மொழிக்கு ஒரு வாய்" என்பேன். உடனே திறப்பாள். முதல் கஞ்சியிலிருந்தே அப்படித்தான் பழக்கினேன். அந்த வார்த்தை கேட்காமல் அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பேராச்சி முகத்தில் துப்பியதும் அதனால்தான். அது தெரிந்தே அவளை வைத்துப் பரீட்சை செய்தேன், உனக்கும் எழுதினேன். என் குரலுக்குத்தான் திறப்பாள் என்றது பொய். குரலுக்கு இல்லை, அந்தச் சொல்லுக்கு.

இதை அத்தானிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போதுதான் சொன்னேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பிறகு, "அதுக்கென்னட்டி, நாம ரெண்டு பேரும் இப்பமே வண்டியேறிருவமா? நீ குடுத்தா தின்னுட்டுப் போவுது" என்றார். வேண்டாம் என்றேன். நான் வந்தால் சாப்பிட்டுவிடுவாள். அப்புறம் நான் இல்லாமல் சாப்பிடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் பிள்ளை தானாக என்னிடம் வந்துவிடும், அதுவும் எனக்குத் தெரியும். அரைஞாண் தொங்குகிறது என்று எழுதிவிட்டாயே, இனி எப்படி இருப்பேன்?

சித்தி என்று சொல்லாதே. அம்மா என்று சொல். கதவைச் சாத்திக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, நான் எழுதியபடியே சொல். கூச்சப்படாதே. செண்பகம் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் கோபித்துக்கொள்வேன், கொஞ்ச நாளைக்கு. அது கிடக்கட்டும்.

பக்குவம் இப்போதுதான் முடிந்தது. இனி என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

வடிவம்மாள்

*

பொன்மலை,
6-11-58

அக்காவுக்கு, முருகம்மாள் எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகம். எல்லாரும் என்று எழுதுவது இந்த வாரத்தில் இதுதான் முதல் தடவை.

நேற்றுக் காலை கடிதம் வந்தது. உடனே கஞ்சி காய்ச்சி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். "அம்மாவுக்கு ஒரு வாய்" என்று சொல்லி விரலை நாக்கில் வைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சட்டென்று கதவைத் திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிண்ணத்தை நகர்த்தவில்லை, கூப்பிடவும் இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

கிண்ணத்தில் முக்கால்வாசி சாப்பிட்டாள். திராட்சைத் தண்ணீரும் குடித்தாள். சாயங்காலம் கிண்ணம் முழுதும் காலி செய்தாள். நான்தான் நேற்று ஒன்றும் சாப்பிடவில்லை, அழுகை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்த டிக்கெட்டை அவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கொண்டுவந்த மாவு இன்னும் பத்து நாளைக்கு வரும். இனிமேல் பார்சலில் அனுப்பவேண்டாம். நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், அத்தானையும் கூட்டிக்கொண்டு. வந்தால் அவள் என்னிடம் சாப்பிடமாட்டாளோ என்று பயப்படாதீர்கள். இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் நான் பொறுத்துக்கொள்கிறேன். அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாளே, அக்கா. ஒரு நாளாவது அந்தக் கதவு வழியாக நீங்கள் வரவேண்டாமா?

உங்கள் தங்கை,
முருகம்மாள்